பத்தியம் சொல்லாத வைத்தியர்

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். மூக்கில் ரத்தம் நின்றுவிட்டது, தோள் காது உயரம்வரை எழும்புகிறது. நீ நலமாக இல்லை என்பது நீ அனுப்பிய புகார் மனுவைப் படித்தபோது தெரிந்தது. சீன வைத்தியர் லியாங் அம்மையாரின் சிகிச்சையால்தான் உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்றும், அவருடைய பதிவை மறுபடி விசாரிக்க வேண்டும் என்றும் எழுதி, கடைசியில் என் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறாய். கோடு நேராக இருக்கிறது. அதற்கு மேலே உள்ளவற்றைப் பற்றித்தான் எனக்குச் சில சந்தேகங்கள். நான் கையெழுத்துப் போடாவிட்டால் வெள்ளிக்கிழமை உன் பெயரிலேயே அனுப்பிவிடுவதாகச் சொன்னாய். ஆகவே நேற்றிரவு யோசித்து, இன்று காலையில் பாபகூரா நூலகத்தில் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வீட்டில் எழுத முடியாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ என்னோடு பேசுவது, மாசி என்ற உன் புறநகரிலிருந்து வேலைக்குப் போகும் மோட்டர்வேயில், கார் ஸ்பீக்கரில். நான் தமிழில் தொடங்கும் வாக்கியத்தை நீ ஆங்கிலத்தில் முடித்துவைக்கிறாய், பெரும்பாலும் நான் போக நினைக்காத இடத்தில். நீ மலேசியாவில் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்புவரை படித்தவன். தமிழை எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாய். கோபமாக இருப்பவன் அப்படிப் படிப்பது நல்லது. தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வராது; இந்த நாட்டில் தபால் இப்போது யோசித்து யோசித்துத்தான் வருகிறது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். பெரிதாக்கிப் படித்துக்கொள்.

உன் மனுவில் ‘சீன வைத்தியம் என்ற பெயரில் நடக்கும் ஏதோ ஒன்று’ என்று ஒரு வரி இருக்கிறது. ஒன்றைப் பற்றிப் புகார் எழுதுகிறவன் அது என்ன என்று தெரிந்துகொண்டு எழுதினால் புகாருக்கே மரியாதை. நான் இந்த ஊர் நூலகங்களில் வேலை பார்த்தவன். அங்கே சீன வைத்தியப் புத்தகங்களை மசாஜுக்கும் பிரார்த்தனையால் குணமாவதற்கும் நடுவில் அடுக்குவோம். ஓய்வு பெறும்வரை அது சரியான இடம்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது, பிரார்த்தனையிலிருந்து கொஞ்சம் தள்ளி, மசாஜை ஒட்டி வைக்கலாம் என்று நினைக்கிறேன். மொத்தத்தில் என் கருத்து மாறிய தூரம் அவ்வளவுதான். நான் மதம் மாறிவிட்டதாக நீ பயப்பட வேண்டாம்.

தொடக்கம் உனக்குத் தெரியும். ஏறாதே என்று நீ சொன்ன ஏணியில் ஏறினேன், கூரையோர மழைநீர்க் குழாயில் அடைத்திருந்த இலைகளை அள்ளினேன், இறங்கும்போது கடைசிப் படி இருப்பதாக நம்பினேன். தோள் போயிற்று. என் இதயத்தில் இரும்பு வால்வு வைத்த நாளிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவதால், மற்றவர்கள் மிட்டாய்போல விழுங்கும் வலி மாத்திரைகள் எனக்கு ஆகாது. பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்து இழுக்கச் சொன்னார். இழுத்தேன். பட்டை நன்றாக இளகியது. விபத்தில் அடிபட்டவர்கள் ஊசிச் சிகிச்சை செய்துகொண்டால் அதற்கும் அரசாங்கம் பாதிச் செலவைத் தரும் என்று உன் அம்மா எங்கோ கேட்டு வந்தாள். அரசாங்கம் பாதி தருகிறது என்றால் அவளுக்கு எந்த வைத்தியமும் விஞ்ஞானமாகிவிடும்.

லியாங் அம்மையாரின் கிளினிக், டைரி என்று இந்த ஊரில் சொல்லும் ஒரு பெட்டிக்கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. அவர் நம் மலேசியாவில், தைப்பிங்கில் பிறந்து, சீனாவில் படித்து, இங்கே முறையாகப் பதிவு செய்துகொண்டு தொழில் பார்ப்பவர். நாங்கள் இருவரும் மலாயில் பேசிக்கொண்டோம். இருவருக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனாலும் வலியை ஆங்கிலத்தில் சொன்னால் அது கொஞ்சம் ஒழுக்கமாகிவிடுகிறது. முதலில் இரண்டு மணிக்கட்டுகளிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் ஒரு பெண்மணிக்கு நாக்கை நீட்டிக் காட்டுவது எளிதல்ல. அதன் நிறம், படிந்திருக்கும் மாவு, ஓரத்தில் பல் பதிந்த தடம் எல்லாவற்றையும் பார்த்தார். அப்படியே காதைச் சாய்த்தார்.

“உங்கள் சட்டைப் பையில் கடிகாரம் இருக்கிறதா?”

“இல்லை. நெஞ்சுக்குள்ளே வால்வு.”

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். “என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? எல்லாவற்றையும் சொல்லுங்கள். வைட்டமின், டானிக், அண்டை வீட்டார் கொடுத்தது, எல்லாம்.” நான் சொன்னேன். வார்ஃபரின் என்ற பெயரை என் அட்டையின் தலைப்பில் சிவப்பில் எழுதிக் கட்டம் போட்டார். மகனே, உன் மனுவின் இரண்டாம் பத்தியில் ‘நோயாளியின் மருந்துகளை விசாரிக்காமலே’ என்று ஆரம்பிக்கிறாயே, அதை அடித்துவிடு.

இனி அந்த வைத்தியத்தின் அடிப்படை. உடம்பில் ‘சீ’ என்ற உயிர்ச்சக்தி ஓடுகிறது. அது ஓட வழித்தடங்கள் இருக்கின்றன. தடம் அடைபட்டால் வலி. வெப்பம், குளிர், காற்று, ஈரம் இவை உள்ளே புகுந்து கெடுக்கும். யின், யாங் என்ற இரண்டும் நிழலும் வெயிலும்போல, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். ஐந்து பூதங்கள் அவர்களுக்கும் உண்டு. ஆனால் நம் காற்றும் ஆகாயமும் அதில் இல்லை. மரமும் உலோகமும் இருக்கின்றன. ஹார்ட்வேர் கடையில் கிடைக்காத எதையும் அவர்கள் பூதமாக ஏற்கவில்லை என்று நினைக்கிறேன். இதையெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு விளக்க லியாங் அம்மையார் ஒரு படம் வைத்திருக்கிறார். எனக்கு அந்தப் படம் தேவைப்படவில்லை. ‘உடம்பு சூடு’ என்று சொன்னால் தெர்மாமீட்டரைத் தேடாத இனம் நாம். அந்தத் தடங்களைக் கத்தியால் அறுத்துப் பார்த்தவர்கள் யாரும் இதுவரை கண்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரிடமே கேட்டேன். “வரைபடத்தில் போட்ட கோடு தரையில் இருக்குமா?” என்றார். பதில் நன்றாக இருந்தது. நிரூபணம் அல்ல என்பது எனக்கும் தெரியும்.

முதல் சிகிச்சை ஊசி. தலைமுடியைவிடச் சற்றே தடிமன். குத்தும்போது வலிப்பதில்லை, குத்திய பின் ஒரு கனம் பரவும், யாரோ உள்ளிருந்து கட்டைவிரலால் அழுத்துவதுபோல. தோளுக்கு வந்தவனுக்குக் காலில் குத்துவார்கள். கேட்டால் தடம் அங்கே போகிறது என்பார்கள். அதன்பிறகு விளக்கை மங்கலாக்கிவிட்டு அரை மணி நேரம் சும்மா படுக்க வைப்பார்கள். தோள், முதுகு, முழங்கால் வலிகளுக்கும் சிலவகைத் தலைவலிக்கும் இதனால் ஓரளவு பலன் உண்டு என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். பொய்யாகக் குத்தினாலும் ஏறக்குறைய அதே பலன் வருகிறதே என்று வேறு சிலர் கேட்கிறார்கள். யாரும் பேசாத ஓர் அறையில் அரை மணி நேரம் படுத்திருந்தால் நம் வீட்டில் யாருக்கும் எந்த வலியும் குறையும் என்பது என் சொந்த அபிப்பிராயம். எப்படியோ, சில வாரங்களில் சட்டையை நானே மாட்டிக்கொண்டேன்.

இரண்டாவது, சூடு காட்டுவது. மாசிபத்திரி என்று நாம் சொல்லும் செடியின் இனத்தைக் காயவைத்து, இடித்து, சுருட்டுபோல உருட்டி, பற்றவைத்துத் தோலுக்கு அருகில் பிடிப்பார்கள். குளிரில் இறுகின மூட்டுக்கு இதமாக இருக்கும். அதன் புகை, இந்த ஊர் இளைஞர்கள் பூங்கா ஓரத்தில் புகைக்கும் வேறொரு இலையின் வாசனையை ஒத்தது. பக்கத்து டைரிக்கு வருகிற பையன்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உள்ளே படுத்திருக்கும் என்னை மிகுந்த மரியாதையோடு எட்டிப் பார்ப்பார்கள்.

மூன்றாவது, கப்பிங். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் நெருப்பைக் காட்டி எடுத்துவிட்டு முதுகில் கவிழ்த்தால் அது தோலை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எடுத்த இடத்தில் நாவற்பழ நிறத்தில் வட்டம் விழும். எனக்கு அதைச் செய்ய மாட்டேன் என்றார். ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவனுக்கு வட்டத்தோடு நிற்காது என்றார். சுரண்டும் சிகிச்சையும் அதே காரணத்துக்காகக் கிடையாது. தோலில் எண்ணெய் தடவி வழவழப்பான கல்லால் வரி வரியாகச் சிவக்கும்வரை இழுப்பது அது. மலேசியாவில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனர்கள் காசை வைத்தே செய்வார்கள். துணைக்கு வந்த உன் அம்மாவுக்கு இடுப்பு வலி ஞாபகம் வந்து, கிண்ணங்களை அவள் வாங்கிக்கொண்டாள். அந்த வாரம் கோவிலுக்கு முதுகு இறக்கமான ரவிக்கை போட்டுப் போனாள். எதிர்வீட்டுச் சிவநேசன் என்னைத் தனியாகச் செருப்பு வைக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் நேராகக் கேட்பவர்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. வீட்டிலை ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?”

“என்ன பிரச்சினை?”

“அக்காவின்ரை முதுகு...”

“அது வைத்தியம்.”

“ஓம், அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுறவை.” அன்று முழுவதும் அவர் மனைவி உன் அம்மாவின் பக்கத்திலேயே, எனக்கும் அவளுக்கும் நடுவில், காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

பிறகு ‘துய்நா’ என்று ஒன்று, அமுக்கிப் பிசையும் கைவைத்தியம். எனக்கு மெதுவாகச் செய்தார். பூங்காவில் காலையில் கூடிச் செய்யும் தாய்ச்சிப் பயிற்சியும் இந்த வைத்தியத்தோடு சேர்ந்ததுதான். மிக மெதுவாகச் சண்டை போடுவது. எதிராளி அடி விழுவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டு வரலாம். நம் வீட்டுச் சண்டைகளையும் அந்த வேகத்தில் போடப் பழகியிருந்தால் நமக்குள் பாதி வார்த்தைகள் சொல்லப்படாமலே நின்றிருக்கும். இந்த வாரத்து வார்த்தைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக மூலிகை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், உள்ளே வேர், பட்டை, பூ, காளான், பெயர் தெரியாத ஓடுகள். வருகிறவர்களுக்கெல்லாம் நாலைந்தைக் கலந்து, கஷாயம் வைக்கச் சொல்லிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“தா போலே,” என்றார். முடியாது என்பதற்கு மலாயில் இதைவிடச் சுருக்கமான வார்த்தை இல்லை. “வார்ஃபரின் சாப்பிடுகிற உங்களுக்கு இந்தச் சுவரிலிருந்து ஒரு வேர்கூடக் கிடையாது. டாங் குய் வேர் போட்ட கோழி சூப்பும் வேண்டாம். யாராவது நல்லதென்று கொடுத்தால் வாங்கி வைத்துவிட்டு என்னைக் கேளுங்கள்.”

“சாப்பாட்டில் என்ன விலக்க வேண்டும்?” உன் அம்மா கேட்டாள்.

“ஒன்றும் வேண்டாம். எப்போதும் சாப்பிடுகிறதையே சாப்பிடட்டும். எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

மகனே, அந்த அம்மாள் சொன்னவற்றில் எங்களால் ஏற்க முடியாமல் போனது இது ஒன்றுதான். உடம்பில் ஓடும் சீயை ஏற்றோம். உலோகத்தைப் பூதமாக ஏற்றோம். தோளுக்குக் காலில் குத்தியதை ஏற்றோம். பத்தியம் இல்லை என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் உன் அம்மா ஆரம்பித்தாள்.

“பத்தியம் சொல்லாம அனுப்புறாங்களே, இது என்னா வைத்தியம் லா? மறந்திருப்பாங்க.”

“கேட்டாயே, இல்லை என்றாரே.”

“நாம தமிழவங்க, பின்பற்ற மாட்டோம்னு நெனைச்சிருப்பாங்க.”

சந்தேகம் தீர்க்கச் சிவநேசனிடம் போனோம். ஆளைப் பார்த்துத்தானே போக வேண்டும். பத்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மருந்தெண்டால் பத்தியம் இல்லாமலோ, அண்ணை? முதல் வேலையாய் கீரையை நிப்பாட்டுங்கோ. கீரை மருந்தை முறிச்சுப்போடும். பாவக்காயும் வேண்டாம். அகத்தியைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை.”

“இந்த ஊரிலே அகத்தி எங்கே கிடைக்குது?”

“கிடைக்காட்டியும் சாப்பிடக் கூடாது.”

எங்கள் தோட்டத்தில் சில்வர்பீட் எப்படி வளர்கிறது என்று உனக்குத் தெரியும். கீரை என்று நாங்கள் கடைந்து தினமும் சாப்பிடுவது அதைத்தான். ஊசியின் பலனை முறித்துவிடும் என்று அடுத்த நாளே அது நின்றது. முட்டைக்கோஸ், புரொக்கோலி எல்லாம் அதன் உறவினர் என்று அவையும் போயின. கஞ்சியும் வறுத்த மீனும் துவையலும்தான் சாப்பாடு. நானும் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போதுதான் சிகிச்சை நடக்கிறது என்ற நம்பிக்கையே வந்தது. லியாங் அம்மையாரிடம் இதைச் சொல்லவில்லை. கண்டிப்பில்லாத வைத்தியருக்கு மரியாதைக் குறைவாக இருக்குமே என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டோம்.

உன் அம்மாவின் பத்தியத்தை நீ மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் முடிப்பாய். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் உனக்கு அம்மை போட்டதே, நினைவிருக்கிறதா? வேப்பிலை கிடைக்கவில்லை. உறவு என்று ஒருவரும் இல்லை. எனக்கு விடுப்பும் இல்லை. உனக்கு உப்பில்லாமல், தாளிக்காமல், எண்ணெய் இல்லாமல் சமைத்துக் கொடுத்து, நீ சாப்பிடாததைத் தானும் சாப்பிடாமல் இருந்தாள். நீ பிழைத்தது சின்னம்மையால் யாரும் சுலபத்தில் சாவதில்லை என்பதால்தான் என்று நான் அப்போதும் சொன்னேன். அவள் வேறுமாதிரி புரிந்துகொண்டாள். கையில் வேறு ஒன்றும் இல்லாத ஊரில், தன் வீட்டு ஆளைக் காப்பாற்ற அவளால் செய்ய முடிந்தது தட்டில் எதை வைப்பது, எதை வைக்காமல் இருப்பது என்பது மட்டும். இந்த முறையும் கீரை அவளுக்குப் பிடிக்கும் என்றாலும் அவளும் தொடவில்லை.

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ்ஷை மாற்றினோம். முழங்கையில் காரணமில்லாமல் நீலம் பாய்ந்தது. கதவில் இடித்திருப்பேன் என்றேன். அப்புறம் ஒரு காலையில் மூக்கிலிருந்து வந்த ரத்தம் நிற்கவே இல்லை. துண்டு நனைந்து, இன்னொரு துண்டு நனைந்து, ஆம்புலன்ஸ் வந்து, நீ மாசியிலிருந்து மோட்டர்வேயைக் கிழித்துக்கொண்டு வந்தாய். இளம் டாக்டர் கேட்டார், மூலிகையோ சீன மருந்தோ ஏதாவது எடுக்கிறாரா என்று. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததால் நீ பதில் சொன்னாய். “யெஸ். சைனீஸ் கிளினிக். நீடில்ஸ்.” சொன்னபோது உன் முகம், கொலையாளியைக் கண்டுபிடித்தவனின் முகம். அதற்குள் கார் நிறுத்திய நேரம் முடிந்துவிட்டது என்று கீழே ஓடினாய்.

நீ போன பிறகு, ரத்தப் பரிசோதனை முடிவோடு ஒரு நர்ஸ் வந்தார். இந்த நாட்டின் ஆதிகுடியான மாவ்ரிப் பெண்மணி, அவசரமில்லாதவர். மருந்து எதுவும் மாறியதா என்று கேட்டார். இல்லை. மூலிகை? இல்லை, அந்த அம்மாள் கொடுக்க மறுத்துவிட்டார். மது? இல்லை. பிறகு, “சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா?” என்றார்.

உன் அம்மாதான் பதில் சொன்னாள். கீரையை நிறுத்திவிட்டோம் என்றாள், கொஞ்சம் பெருமையாகத்தான்.

அந்த நர்ஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். நான் தினமும் சாப்பிட்ட கீரையை வைத்துத்தான் மாத்திரையின் அளவை நிர்ணயித்திருக்கிறார்கள். கீரை ரத்தத்தை உறையவைக்கும் பக்கம் இழுக்கும், மாத்திரை மறுபக்கம் இழுக்கும். ஒன்றைத் திடீரென்று எடுத்துவிட்டால் மற்றது தனியாக இழுக்கும். ஊசியால் இது வந்ததல்ல. வால்வு வைத்தபோதே இதையெல்லாம் எனக்குச் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். யாரையும் குறை சொல்லாமல், மெதுவாக, நல்ல ஆங்கிலத்தில் அவர் சொன்னார். உன் அம்மாவுக்கு ஆங்கிலம் எப்போதும் புரியும். அன்று முழுதாகப் புரிந்தது.

நீ திரும்பி வந்து, “தோஸ் ப்ளடி நீடில்ஸ், அப்பா. ஐ டோல்ட் யூ,” என்றாய். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவளைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். மூக்கில் பஞ்சு இருந்தது நல்ல சாக்காக இருந்தது. இதிலிருந்து உனக்கு ஒரு யோசனை: கார் நிறுத்த இடம் தேடும் நேரத்துக்குள் உலகத்தில் முக்கியமான சில விஷயங்கள் நடந்து முடிந்துவிடும். திரும்பி வந்ததும் ‘நான் இல்லாதபோது என்ன சொன்னார்கள்’ என்று கேட்டுவிட்டு, அப்புறம் யாரைத் தூக்கில் போடுவது என்று முடிவு செய்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளும் நானும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சில்வர்பீட் பழையபடி, முன்பு போட்ட அதே கரண்டி அளவில் வருகிறது. சிவநேசன் ஆரஞ்சுப்பழத்தோடு பார்க்க வந்தார். தன் பத்தியத்தை முழுசாகப் பின்பற்றினோமா என்று கேட்டார். ஓரளவு என்றேன். “அதுதான்,” என்றார். இரவில் நான் மூச்சு விடுகிறேனா என்று உன் அம்மா எழுந்து பார்ப்பது மட்டும் புதிது. வால்வின் சத்தம் அவளுக்குக் கேட்கும். ஆனாலும் எழுந்து பார்க்கிறாள்.

அந்த நிலையில்தான் உன் மனு வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு அவளும் படித்தாள். லியாங் அம்மையாருக்கு இது என்னவாகும் என்று யோசித்துப் பார். அவர் தனியாகக் கடை நடத்துகிறவர். விசாரணை நடந்தால் கடைசியில் அவர்மேல் தவறில்லை என்றுதான் வரும். அட்டையில் சிவப்புக் கட்டமே போதும். ஆனால் அது வருவதற்குள், ரத்தம் கொட்டி ஒரு ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்ற செய்தி பாபகூரா முழுவதும் போய்விடும். குற்றமில்லை என்ற செய்தி அவ்வளவு வேகமாகப் போவதில்லை. நோயாளிகள் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். என் உடம்பில் கை வைத்த அத்தனை பேரிலும், எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்து, அதைச் செய்யாமல் இருந்தவர் அவர். அதற்குப் பரிசாக இந்த மனு வேண்டாம்.

உன் அம்மா படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். “அந்தம்மா பேர்ல எழுத வேணாம்னு அவன்கிட்ட சொல்லுங்க,” என்றாள்.

“காரணம் கேட்பான்.”

கண்ணாடியைத் துடைத்து உறைக்குள் போட்டாள். “நானே சொல்றேன். ஞாயித்துக்கெழமை வரச் சொல்லுங்க. நீங்க முந்திக்கிட்டு எதுவும் சொல்லிடாதீங்க. நீங்க சொன்னா எனக்காகப் பரிஞ்சு சொல்ற மாதிரி இருக்கும்.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் நீ வெள்ளிக்கிழமை என்கிறாய், அவள் ஞாயிறு என்கிறாள், நடுவில் சனிக்கிழமை லியாங் அம்மையார் வழக்கம்போலக் கடையைத் திறப்பார். அதனால் வாக்கை உடைத்து இதை எழுதினேன். நீ படித்ததும் இந்தப் படங்களை அழித்துவிடு. அவள் உன் போனைப் பார்க்க மாட்டாள். ஆனால் அவள் பார்க்காத எதுவும் நம் வீட்டில் இதுவரை இருந்ததில்லை.

மனுவை அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை வா. உன் அம்மா உட்கார்ந்து சொல்ல மாட்டாள். அடுப்பைப் பார்த்தபடி, உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேறு எதையோ பேசுவதுபோல் ஆரம்பிப்பாள். குறுக்கே பேசாதே. ‘இட்ஸ் ஓகே, மா’ என்று அவசரமாகத் துடைத்துவிடாதே. அவள் அதைச் சொல்லி முடிக்க வேண்டும். இதெல்லாம் உனக்கு முன்பே தெரியும் என்று உன் முகத்தில் தெரியக் கூடாது, முதல் முறையாகக் கேட்கிறவனாகக் கேள். முடித்தபிறகு அவள் திரும்பிப் பார்ப்பாள். என்ன சொல்வது என்று அப்போது உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. மேசையில் உட்கார்ந்து, பசிக்கிறது, சாப்பாடு போடுங்கள் அம்மா என்று கேள். தமிழில் கேள். அவள் போடுவதை மிச்சம் வைக்காமல் சாப்பிடு.

உன் அப்பா